றேஞ்சர் ஐயாவின் துவக்கும் நான் பூட்டிய தொலைநோக்கியும்

துவக்கு, துப்பாக்கி திருத்துகிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அரம் பிடிக்கவும் உருக்கைப் பதப்படுத்தவும் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதையெல்லாம் அவர்களிடமே கேளுங்கள். சுத்தமாகச் செய்து முடித்த ஒரு வேலையால் ஒருவன் தொழிலை இழக்கலாம் என்பதை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது நடந்தது. இத்தனை வருடமாகியும் நினைத்தால் வாய் கசக்கிறது. கசப்போடுதான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. கிளிநொச்சிச் சந்தையிலிருந்து ரயில் ஸ்ரேசனுக்குப் போகிற ஒழுங்கையில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. வேலைக்கு நான் ஒருவன்தான். குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனங்கள் காடு வெட்டி வயல் செய்துகொண்டிருந்தார்கள். பன்றிக்கும் மானுக்கும் காவல் இருக்க அவர்களில் பலரிடம் அனுமதி பெற்ற துவக்குகள் இருந்தன. சுத்தியல் உடைந்தது, கட்டை பிளந்தது, குழல் கறள் பிடித்தது என்று கொண்டு வருவார்கள். அந்த வேலையே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருடம் ஒரு யானை குடியேற்றத்துக்குள் இறங்கியது. கொம்பில்லாத ஆண் யானை, அலியன் என்பார்கள். கதிர் தின்ன வந்த யானை, பிறகு வீட்டுக்குள் நெல் இருப்பதை மணந்து பிடித்துச் சுவரைத் தள்ளப் பழகிவிட்டது. பன்றித் துவக்கால் அதைச் சுட்டால் அதற்குக் கோபம்தான் வரும். அதைக் கொல்லச் சொல்லி யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகம், அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி ஒரே ஒருவரின் பெயரில்தான் வந்தது. அவர்தான் றேஞ்சர் ஐயா.

வன இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பரந்தனில் வீடு. உயர்ந்த, நிமிர்ந்த உடம்பு. வேலை பார்த்த காலத்திலேயே ஆட்கொல்லி யானைகள் பலவற்றைச் சுட்டவர். அவர் சந்தைக்குள் வந்தால் பீடி குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் அதை மறைப்பார்கள். அப்படி ஒரு மரியாதை.

ஒரு நாள் அவர் என் பட்டறைக்கு வந்து இறங்கினார். சொந்தக் காரை விட்டுவிட்டு வாடகைக் காரில் வந்திருந்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. கொண்டு வந்த துவக்கைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

ஆங்கிலேயர்கள் முதலாம் உலகப் போருக்கு முந்திச் செய்த வேட்டைத் துவக்கு அது. அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரி நாட்டை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கட்டையில் கைபட்டுக் கைபட்டு ஒரு மினுக்கம். மேல் இரும்பில் முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக இரண்டு சின்னப் பள்ளங்கள். ஒரு காலத்தில் அதன் மேல் தொலைநோக்கி ஒன்று உட்கார்ந்திருந்த இடம் அது. தொலைநோக்கியும் அதைத் தாங்கிய இரும்பும் எப்போதோ தொலைந்துவிட்டன. மலைநாட்டில் ஒரு தோட்டத்துரை வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது, அதே காலத்துத் தொலைநோக்கி ஒன்றை ஐயா வாங்கி வந்திருந்தார்.

"தம்பி, இதை இதுக்கு மேலை ஏத்தித் தரவேணும். பழைய மாதிரியே இருக்கவேணும். புதுசாத் துளை போடப்படாது. இண்டைக்கு நேற்றுப் பூட்டினதெண்டு ஒருத்தருக்கும் தெரியப்படாது."

"யானைக்கு ஆரும் கண்ணாடி பூட்டுறதில்லையே ஐயா? கிட்டப் போய்த்தானே வைக்கிறவை?"

அவர் சிரித்தார். "இந்த அலியன் கிட்ட விடாது. வெட்டை வெளிக்குள்ளதான் நிக்குது. தூரத்திலை இருந்து ஒண்டு வைச்சால்தான் சரி."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

தொலைநோக்கியைத் துவக்கின் மேல் பிடித்து வைக்கிற தாங்கியைப் பட்டறையில் 'மவுண்ட்' என்போம். அந்தக் காலத்து மவுண்டுக்குக் கீழே பூனை நகம் போல் கால்கள் இருக்கும். முன் நகங்களைப் பள்ளத்தில் கொளுவிப் பின்பக்கத்தை அமத்தினால் ஒரு சத்தத்தோடு இறங்கி உட்காரும். வேண்டாத நேரம் ஒரு நெம்பை இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். திரும்பப் போட்டால் முன்பிருந்த இடத்திலேயே மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். அந்த நகங்களைக் கையால் அராவுவதுதான் வேலை. விளக்குப் புகையில் கரி பிடித்து, பள்ளத்தில் வைத்து எடுத்து, எங்கே கரி அழிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் தொட்டு அராவ வேண்டும். இன்னும் விரித்துச் சொல்ல மாட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதுதான் முதல்தரமான வேலை. அதற்குப் பிறகும் அப்படி ஒன்றைச் செய்யவில்லை. கழற்றிப் போட்டு, கழற்றிப் போட்டு நானே சுட்டுப் பார்த்தேன். குண்டுகள் எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின.

மறுநாள் பின்நேரம் ஐயாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்கு மேற்கேயுள்ள, தரவை என்கிற புல்வெளிக்குப் போனேன். வெள்ளை அடித்த பலகை ஒன்றைப் புற்று மேட்டில் சாய்த்து வைத்தேன். அவர் படுத்து, தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துச் சுட்டார். பலகையில் படவில்லை. திரும்பச் சுட்டார். படவில்லை.

"உன்ர மவுண்ட் அசையுது தம்பி."

நான் வாங்கிச் சுட்டேன். பலகையின் நடுவில் பட்டது. துவக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுபடியும் படுத்தார். இந்த முறை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பலகைக்கு வலப்பக்கம் தள்ளி, பற்றைக்குள் குனிந்து புல்லு அரிந்துகொண்டிருந்த ஒரு மனிதன் இடுப்பை நிமிர்த்தி எழும்பினான். வெள்ளைச் சாரம் கட்டியிருந்தான். அங்கே ஆள் இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. துவக்கின் குழல் மெல்ல மெல்லப் பலகையை விட்டு விலகி வலப்பக்கம் திரும்புவதைப் பார்த்தேன்.

"ஆ, இப்ப வடிவாத் தெரியுது" என்றார் ஐயா.

கத்துவதற்கு நேரமில்லை. காலால் குழலை மேலே தட்டினேன். வெடி ஆகாயத்துக்குப் போயிற்று. புல்லு அரிந்தவன் சத்தம் வந்த பக்கம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். பிறகு குனிந்து தன் வேலையைத் தொடர்ந்தான். அந்த மனிதன் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு என்ன நடக்க இருந்தது என்று அவனுக்கும் தெரியாது.

ஐயா எழும்பவில்லை. புல்லில் உட்கார்ந்தபடியே, "அது பலகையில்லையே?" என்றார்.

"மனிசன் ஐயா."

துவக்கைப் புல்லில் வைத்தார். பிறகு சொன்னார். வலக் கண்ணில் புகை மூடினதுபோல் இருக்கிறதாம். இடக் கண்ணிலும் இப்போது தொடங்கிவிட்டதாம். குழல் நுனியில் குறி பார்க்கிற முள்ளுத் தெரியாமல் போனதால்தான் தொலைநோக்கி தேடினாராம்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதை தம்பி. இந்த ஒரு யானை. இதோடை விட்டிடுவன்."

"ஏலாது ஐயா. துவக்கு என்னட்டை இருக்கட்டும். நீங்கள் கச்சேரிக்குப் போய், வேறை ஆளின்ர பேருக்கு அனுமதியை மாத்தச் சொல்லுங்கோ. கண்ணைப் பற்றி ஒண்டும் சொல்லத் தேவையில்லை. வயசு போச்சுது எண்டு சொன்னால் போதும். நானும் வாய் திறக்க மாட்டன்."

"சத்தியமே?"

"சத்தியம்."

அடுத்த திங்கட்கிழமையே யாழ்ப்பாணம் போய்க் கச்சேரியில் சொல்வதாக அவரும் ஒப்புக்கொண்டார். துவக்கைக் கொண்டுபோய் என் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நீங்கள் என்னைக் கேட்கலாம், ஏன் அப்படிச் சத்தியம் செய்தாய் என்று. ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது அந்தப் பெயர் ஒன்றுதான். துவக்கு என் பெட்டிக்குள் இருக்கும்வரை அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. வேறு ஆள் ஒரு கிழமையில் வந்துவிடுவான். பிறகு ஏன் அவரை அம்மணமாக்க வேண்டும்? அன்றைக்கு அப்படித்தான் யோசித்தேன். இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் துவக்கைக் கொடுத்திருக்க மாட்டேன்.

குடியேற்றத்திலிருந்து பாக்கியம் அக்கா தினமும் காலையில் சந்தைக்குப் பால் கொண்டு வருவா. என் பட்டறைக்கு எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடைக்குத்தான் அவாவின் பால். நாற்பது வயதிருக்கும். சிரிக்கச் சிரிக்கக் கதைப்பா. கோபம் வந்தால் அந்த வாய்க்கு முன்னால் நிற்க முடியாது. யானை அவாவின் வீட்டுப் பின்சுவரை ஏற்கெனவே ஒரு தரம் தள்ளியிருந்தது.

"என்ன தம்பி, ஐயாவின்ர துவக்கு முடிஞ்சுதே?" என்று வாசலில் நின்று கேட்டா.

"இப்ப குடுக்கேலாது அக்கா. ஐயாவைக் கேளுங்கோ."

மறு கிழமை வந்து நின்றா. முகத்தில் சிரிப்பில்லை.

"ஐயாவைக் கேட்டனாங்கள். மவுண்ட் சரிவரேல்லையாம். உனக்கு அந்த வேலை பிடிபடேல்லையாம். அப்ப ஏன் தம்பி வாங்கி வைச்சிருக்கிறாய்? தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லிக் குடுத்து விடன். அங்கை நாங்கள் பிள்ளையளைப் பரணிலை படுக்க வைச்சிருக்கிறம்."

என் காது சூடாகியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பரந்தனுக்குப் போனேன். ஐயா கதிரையில் சாய்ந்திருந்தார்.

"நீங்கள் கச்சேரிக்குப் போகேல்லையே?"

"போறன் தம்பி. உடம்பு சரியில்லை."

"மவுண்ட் சரிவரேல்லை எண்டு சொன்னியளாம்."

"வேறை என்னத்தைச் சொல்ல? கேக்கிறாங்கள். ஏதோ ஒண்டைச் சொல்லத்தானே வேணும்." பிறகு குரலைத் தணித்து, "உனக்கு என்ன நட்டம்? பிறகு முடிஞ்சுதெண்டு சொல்லலாம்தானே?" என்றார்.

"ஐயா, நீங்கள் போகாட்டி நான் போறன்."

"வேண்டாம். நாளைக்கே போறன். என்னை நம்பு."

நம்பினேன். அவர் போகவில்லை. போனேன், பெரியவர் லீவு, திரும்ப வரச் சொன்னவை என்று எனக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். அது பொய்யென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை தேத்தண்ணிக் கடைக்காரர் வாசலில் நின்று ஒழுங்கையைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார். பால் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் வெறும் தேத்தண்ணி கொடுத்தார். நான் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குடியேற்றத்திலிருந்து ஒரு லொறி வந்தது. பின்பெட்டியில் ஆட்கள் நின்றார்கள். கடைக்காரர் எட்டிக் கேட்டார். அவர்கள் சொன்னார்கள்.

விடியப் பாக்கியம் அக்கா பால் கறக்க மாட்டுக் கொட்டிலுக்குப் போயிருக்கிறா. யானை கொட்டிலுக்குப் பின்னால் நின்றிருக்கிறது.

லொறி சவப்பெட்டி வாங்கப் போயிற்று. அது திரும்பி வரும்போது என் பட்டறை வாசலில் நின்றது. குடியேற்றச் சங்கத் தலைவர் கந்தையா அண்ணை முன்னுக்கு இறங்கினார், மற்றவர்களும் இறங்கினார்கள். சத்தம் கேட்டுச் சந்தைச் சனமும் சேர்ந்துவிட்டது.

"இப்ப சந்தோசமே?" என்று கேட்டார் கந்தையா அண்ணை. "துவக்கை வைச்சுப் பூசை செய்தனீயே இவ்வளவு நாளும்?"

ஒருவன் என் வேலை மேசையைப் பிடித்துப் புரட்டினான். அராவி வைத்திருந்த சின்னச் சாமான்கள் மண்ணில் சிதறின. அந்த நேரம் பார்த்து வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. றேஞ்சர் ஐயா இறங்கினார். செத்த வீட்டுக்குப் போக வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். சனம் விலகி வழி விட்டது. எனக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. இனி அவர் சொல்லுவார் என்று நினைத்தேன். இந்த நேரத்திலும் சொல்லாமல் இருக்க ஒரு மனிதனால் முடியாதென்று நினைத்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "வேலை செய்யிறவனை ஏசாதேங்கோ. அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அந்த வார்த்தைக்கு முன்னால், மேசையைப் புரட்டியவனுடைய கோபம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே போனேன். பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்தேன். எல்லோருக்கும் முன்னால் தொலைநோக்கியைப் பள்ளத்தில் கொளுவி அமத்தினேன். சத்தத்தோடு இறங்கி உட்கார்ந்தது.

"இது முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேலை. ஐயா, ஸ்ரேசன் பக்கம் ஒரு தகரம் கட்டித் தாறன். இவைக்கு முன்னாலை ஒரு வெடி வைச்சுக் காட்டுங்கோ."

ஒரு கணம் அவர் முகம் மாறியது. பிறகு தலையை ஆட்டினார்.

"பிரேதம் கிடக்கிற நேரத்திலை வெடியே தம்பி?"

சனம் முணுமுணுத்தது. யாரோ என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். ஐயா துவக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மிகவும் மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"முடிஞ்சதெண்டால் முடிஞ்ச அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

அப்போதுதான் என் சத்தியத்தை உடைத்தேன். "இவருக்குக் கண் தெரியாது. அதுதான் நான் குடுக்கேல்லை. தரவையிலை ஒரு மனிசனைச் சுடப் பார்த்தவர்" என்று கத்தினேன்.

ஒருவரும் ஐயாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கந்தையா அண்ணை அருவருப்போடு சொன்னார்: "உன்ர பிழையை மறைக்க அவரின்ர கண்ணைக் குருடாக்கிறியே? நீயும் ஒரு மனிசனே?"

"விடுங்கோ" என்றார் ஐயா. "பயத்திலை கதைக்கிறான்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருத்திய சாமானைக் கொடுக்காமல் பிடித்து வைக்க வேண்டி வந்தால் பிடித்து வையுங்கள், பயப்பட வேண்டாம். ஆனால் ஏன் பிடித்து வைக்கிறீர்கள் என்பதை அன்றைக்கே, சம்பந்தமில்லாத நேர்மையான ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். ஆபத்து வந்த பிறகு சொல்லுகிற உண்மையும் தப்பிக்கச் சொல்லும் சாட்டுப்போலத்தான் கேட்கும். மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவனுக்கு நன்றி கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். தன் வெட்கத்தைக் கண்டவனை மனிதன் மன்னிப்பதில்லை.

செத்த வீடு முடிந்தது. என் பயமெல்லாம் அடுத்ததைப் பற்றித்தான். துவக்கு இப்போது அவரிடம். யானைக்குப் பின்னால் ஆட்கள் நடப்பார்கள். அவர்களில் யாராவது வெள்ளைச் சாரம் கட்டியிருப்பார்கள். பொலிசுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சலீம் நானா வந்தார்.

முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர், அண்ணன் என்பதுபோல் நானா என்போம். வயலும் கமமும் செய்கிறவர். காட்டில் தடம் பார்ப்பதில் அவரை வெல்ல ஆளில்லை என்பார்கள். றேஞ்சர் ஐயா வேட்டைக்குப் போனால் முன்னுக்கு நடக்கிறவர் அவர்தான். தோளில் சாக்குச் சுற்றிய துவக்கு. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"நீ சந்தையிலை சொன்னதைக் கேள்விப்பட்டன். நீ சொன்னது சரி."

"உங்களுக்குத் தெரியுமே நானா?"

"போன வருசமே தெரியும். காட்டுக்குள்ளை என்ர தோளைப் பிடிச்சுத்தான் நடக்கிறவர். நான் சுடுறன், நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். விடேல்லை. தானே சுடவேணும் எண்டு நிண்டவர். இப்ப பாக்கியம் செத்தாப்பிறகுதான் ஓம் எண்டவர்." சாக்கை அவிழ்த்தார், உள்ளே ஐயாவின் துவக்கு. "இந்தக் கண்ணாடியாலை நான் ஒருநாளும் சுட்டதில்லை. காட்டித் தா."

என்ன நடக்கப் போகிறதென்று எனக்கு விளங்கியது. நானா சுடுவார், யானை விழும், ஐயாவின் பெயர் நிற்கும். கண் தெரியாதவர் என்று நான் சொன்னது பச்சைப் பொய்யாகிவிடும்.

"பிறகாவது உண்மையைச் சொல்லுவியளோ நானா?"

அவர் என்னை நேரே பார்த்தார். "அனுமதி அவரின்ர பேரிலை. நான் யானையைச் சுட்டதெண்டு வெளியிலை வந்தால் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுறது நான். எனக்குக் கலியாணம் முடிக்காத அஞ்சு குமர்ப் பிள்ளையள் தம்பி. சொல்லேலாது. உன்னட்டைச் சொல்லாமல் பழகிக் கொண்டு போகவும் மனம் வரேல்லை. அதுதான் சொல்லிப்போட்டுக் கேக்கிறன்."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நானா பழகாத துவக்கோடு யானைக்கு முன்னால் போய் நிற்பார். இல்லாவிட்டால் ஐயாவே நிற்பார். அடுத்த கொட்டிலுக்குள் அடுத்த மனிசி பால் கறந்துகொண்டிருப்பா. யோசிக்க அதிகம் இருக்கவில்லை. அவரைத் தரவைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை முதலில் பற்றைகளுக்குள் நடந்து ஆள் இல்லையென்று பார்த்தேன். கண்ணை எவ்வளவு தள்ளி வைப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று காட்டினேன். அவர் கெட்டிக்காரர். விரைவிலேயே பலகையில் போடத் தொடங்கினார்.

"உன்ர மவுண்ட் கல்லுமாதிரி நிக்குது" என்றார். அந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதையும் அவர் வேறெங்கும் சொல்ல முடியாது.

அலியன் விழுந்தது. வெட்டைக்குள் நின்றதைத் தூரத்திலிருந்து ஒரே வெடியில் வீழ்த்தினார்களாம். ஐயாவும் நானாவும் மட்டும்தான் முன்னுக்குப் போனார்களாம். மற்றவர்களை வாய்க்கால் கரையில் நிற்கச் சொல்லிவிட்டார்களாம். சந்தையில் ஐயாவுக்கு மாலை போட்டார்கள். யானையின் மேல் காலை வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் துவக்கு அவர் கையில் இருக்கிறது. நான் பூட்டிய தொலைநோக்கி நன்றாகத் தெரிகிறது. நானா படத்தில் இல்லை.

அந்த ஒரே வெடிதான் எனக்கு விழுந்த தீர்ப்பு. இவ்வளவு அருமையாகச் சுடுகிற துவக்கை அந்தப் பாவி ஒரு மாதமாகப் பெட்டிக்குள் வைத்திருந்தானே என்று சனம் கதைத்தது. முன்பு வேலை தெரியாதவன் என்றார்கள். இப்போது வேலை தெரிந்தும் கொடுக்காதவன் என்றார்கள். காரணம் தேடியவர்கள் பொறாமை என்றார்கள். ஐயாவுடைய துவக்கில் எனக்கு ஆசை என்றார்கள். குடியேற்றத்துத் துவக்குகள் வவுனியாவுக்குப் போகத் தொடங்கின. திருத்தி வைத்திருந்தவற்றை எடுக்க வந்தவர்களும் வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு தரம் மட்டும் பரந்தனுக்குப் போய் ஐயாவைக் கண்டேன். அப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் நன்றாக மூடிவிட்டது. என் குரலைக் கேட்டுத்தான் ஆளைப் பிடித்தார்.

"அவாவின்ர புருசனுக்காவது சொல்லுங்கோ ஐயா. ஒருத்தருக்குச் சொன்னால் போதும்."

"அவள் யானையாலை செத்தவள் தம்பி. என்ர கண்ணாலை இல்லை."

"கச்சேரிக்கு ஒரு தரம் போயிருந்தால்..."

"போயிருந்தால் நான் இப்ப ஆர்?" என்று கேட்டார். உண்மையிலேயே என்னிடமிருந்து பதில் எதிர்பார்ப்பவர்போலக் கேட்டார். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். நான் குடிக்கவில்லை.

அறுவடை முடிந்த கையோடு பாக்கியம் அக்காவின் புருசன் செல்லத்துரை அண்ணை என் பட்டறைக்கு வந்தார். அதிகம் கதைக்காத மனிதர். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் இயந்திரம் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

"சண்டைக்கு வரேல்லை" என்றார். "ஒண்டு கேக்கவேணும். அந்த வேலை எப்ப முடிஞ்சது?"

இனிப் பொய் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. "அக்கா முதல் முதல் வந்து கேட்ட அண்டைக்கே முடிஞ்சிருந்தது அண்ணை."

அவர் குரலை உயர்த்தவில்லை. "அப்ப ஏன் குடுக்கேல்லை?"

"அவருக்குக் கண் தெரியாது. என்ர பிள்ளையள் அறியச் சொல்லுறன். அது உண்மை."

என்னை நம்ப வேண்டும் என்றுதான் அவர் வந்திருந்தார். அது எனக்குத் தெரிந்தது. யாரை வெறுப்பதென்று தெரியாமல் அந்த மனிதர் மாதக்கணக்காக அலைந்திருக்கிறார். நம்புவதற்கு ஒரு வழி கிடைத்தால் போதும் என்பதுபோல் கேட்டார்.

"கண் தெரியாதவர் எப்பிடித் தம்பி ஒரே வெடியிலை யானையை விழுத்தினவர்?"

வாயைத் திறந்தேன். சலீம் நானாவும் அவருடைய ஐந்து குமர்களும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வாயை மூடினேன்.

செல்லத்துரை அண்ணை இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, தன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.